எந்த முனையிலிருந்து

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குத் திரையில் இருந்த பச்சைக்கோடு விழுந்தது. விழுந்தது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேச்சு. தலைமயிர் அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்புவோம். போகிற வழியெல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் திரும்பி வரும். வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் என்ன இருக்கிறது என்று கருவி கோடு போட்டுக் காட்டிவிடும். கோடு மெல்லச் சரிந்துகொண்டே கடைசிவரை போனால் இழை நன்றாக இருக்கிறது. நடுவழியில் செங்குத்தாக இறங்கினால் அங்கே உடைந்துவிட்டது. அன்றைக்கு 6,214 மீட்டரில் இறங்கியது.

"எந்த முனையிலேருந்து?" என்று உள்ளறையிலிருந்து பழனியப்பன் சார் கத்தினார்.

எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முனையை எழுதாமல் தூரத்தை மட்டும் எழுதிக்கொடுத்து, தோண்டுகிற ஆட்களை நேர் எதிர்ப்பக்கம் அனுப்பி, ஒரு முழுநாள் வேலையைப் பாழாக்கியவன் நான். அதிலிருந்து தூக்கத்தில் கேட்டாலும் முனையைச் சேர்த்துத்தான் சொல்வேன்.

"ஈப்போ முனை சார்."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

எண்பத்தைந்தாம் வருடம் அது. ஈப்போ தொலைபேசி நிலையத்திலிருந்து பதினொரு கிலோமீட்டருக்குச் சோதனைக்காகக் கண்ணாடிக் கேபிள் புதைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மேலிடத்துக்கு வேண்டியது ஒரே இழையில் எத்தனை பேர் பேசலாம் என்ற கணக்கு. பழனியப்பன் சாருக்கு வேண்டியது வேறு. ஈயம் தோண்டிய மண் எங்கள் பக்கத்து மண். சொல்லாமல் கொள்ளாமல் உள்வாங்கும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கிணற்றடி ஒரு மழைநாளில் அப்படியே பூமிக்குள் போனதைப் பார்த்தவர் அவர். இழையை மண் அழுத்தினாலும் வளைத்தாலும் ஒளி குறையும்; அதை வைத்தே மண் நகர்வதை முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் ஆராய்ச்சி. அதற்காக அறுநூறு மீட்டருக்கு மட்டும் குழாய் இல்லாமல், இரண்டடி ஆழத்தில், மண்ணோடு மண்ணாகக் கேபிளைப் புதைத்திருந்தோம். அந்த அறுநூறு மீட்டரும் ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் இருந்தது. நான் பிறந்த தோட்டம்.

என் தங்கை பெட்ரீசியா அங்கேதான் கிடக்கிறாள். அறுபத்துமூன்றில் காய்ச்சலில் போனாள். அவளுக்கு நாலு வயது, எனக்கு ஆறு. அந்த வாரம் ஆறு பெருகி, டவுன் கல்லறைக்குப் போகிற பாலம் முழுகிவிட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, அம்மா பால் வெட்டுகிற நிரையிலேயே இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். அப்பா ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் பன்னிரண்டைக் கவிழ்த்துச் சுற்றிலும் வேலி மாதிரிப் பதித்தார். ஒரு மரச் சிலுவை நட்டார். மறுநாள் விடியலில் அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு அதே நிரைக்கு வேலைக்குப் போனாள். பிறகு பதின்மூன்று வருடம் அந்தக் குழியைச் சுற்றித்தான் பால் வெட்டினாள். இதை எப்படித் தாங்கினாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எழுபத்தாறில் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். நாங்கள் ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு வந்தோம். அப்பாவும் போன பிறகு, கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் இரண்டாம் தேதி அம்மா மட்டும் பஸ் ஏறிப் போய் மெழுகுத்திரி கொளுத்திவிட்டு வருவாள். நான் கடைசியாகப் போனது எப்போது என்று எனக்கே நினைவில்லை. "ஏழாவது நிரை, மூணாவது மரம்" என்று அம்மா சொல்லிச் சொல்லி அது மட்டும் வாய்ப்பாடு மாதிரி மனதில் நின்றது.

போன வருடக் கடைசியில், எண்ணெய் எடுக்கிற செம்பனை நடுவதற்காக மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். கேபிளுக்கு வழி குறிக்கும் வேலை என் கைக்கு வந்தபோது அங்கே மொட்டை நிலம்தான் இருந்தது. தோட்டத்தின் பழைய வரைபடத்தை வாங்கி, மேசைமேல் விரித்து, ரோட்டிலிருந்து நிரைகளை எண்ணினேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடு ரோட்டோரம். அங்கிருந்து எண்ணாமல் வேறு எங்கிருந்து எண்ணுவது? ஏழாவது நிரையில் பென்சிலால் சின்னதாகச் சிலுவை போட்டேன். பழனியப்பன் சார் போட்டிருந்த வழி அதன்மேலேயே போனது. ரோட்டுப் பக்கம் அடியில் பாறை இருக்கிறது சார் என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, முழு வழியையும் ஆற்றுப் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு. தங்கச்சிக்கு என்னால் முடிந்தது இது என்று நினைத்துக்கொண்டேன்.

கோடு விழுந்த அந்தச் சனிக்கிழமைதான் நவம்பர் இரண்டு. மரச் சிலுவையைக் கறையான் தின்றுவிடுகிறது என்று அம்மா அந்த வருடம் தண்ணிக் குழாயில் சிலுவை செய்யச் சொல்லியிருந்தாள். வெல்டிங் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தவனே நான்தான். கதவுக்கு அடித்து மிஞ்சின நீலச் சாயத்தை அதற்குப் பூசினாள். "கூட வாரியா?" என்று கேட்டாள். வேலை இருக்கும்மா என்றேன்.

சாயங்காலம் அம்மா திரும்பி வந்தபோது சேலை முந்தானையெல்லாம் செம்மண். முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு தெளிவு.

"அங்க ஒரு மரம் இல்லலா டொமினிக். பகீர்ன்னு ஆயிருச்சு எனக்கு. அப்புறம் கால வெச்சு எண்ணுனேன். பத்தொம்போது வருசம் நடந்த காலு, மறக்குமா? வேலைக்கு நின்ன ஒரு பையனக் கூப்புட்டு, கடப்பாரையால ஆழமா ஒரு குழி போடச் சொன்னேன். மண்ணு எவ்ளோ லேசா வுட்டுச்சு தெரியுமா? மத்த எடமெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு, அந்த எடம் மட்டும் பொலபொலன்னு. புள்ள இங்கதாம்மா இருக்கேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். பிறகு எழுந்து சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மனதில் 6,214 ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, தோண்டும் குத்தகைக்காரரின் ஆள் பிச்சைமுத்து அண்ணனோடு வேனில் போனேன். மார்ச் மாதம் அங்கே கேபிளுக்குக் குழி வெட்டியவரும் அவர்தான். தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கேபிள் துண்டுகளை ஒட்டிய ஐந்தாம் இணைப்பிலிருந்து நடந்தேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு குனிந்தே போனதால், பக்கத்தில் போகும்வரை கவனிக்கவில்லை. சக்கரம் நின்ற இடத்துக்கு இரண்டு எட்டு முன்னால் நீலச் சிலுவை நின்றது. அடியில் உருகிக் காய்ந்த மெழுகு.

வேலைக்கு நின்ற பையனின் கடப்பாரை கேபிளை நசுக்கியிருக்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்தது. மண் ஏன் லேசாக விட்டது என்பதும் தெரிந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் தோண்டி மூடிய மண் அது. திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்துக்கும் குறைவாக, ஆறு ஓடியது. அம்மா விடியலில் முதல் மரத்தில் கத்தி வைத்தது ஆற்றோரத்தில். அங்கிருந்துதான் ரோட்டை நோக்கி வெட்டிக்கொண்டு வருவாள். ஏழு நிரை என்றால் அவளுக்கு ஆற்றிலிருந்து ஏழு நிரை. எதை அளந்தாலும் எந்த முனையிலிருந்து என்று கேட்பதுதான் நான் செய்யும் வேலை. என் அம்மாவிடம் அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. பிள்ளை கிடந்த இடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, தோண்டுகிற இயந்திரத்தை நானே தங்கச்சிமேல் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

"அண்ணே, இங்க வெட்டுனப்ப ஏதாச்சும் கெடந்துச்சா?"

"இங்கயா? ஒன்னும் இல்ல தம்பி. மங்குதான் கொஞ்சம் வந்துச்சு."

"எப்படிக் கெடந்துச்சு?"

"கவுத்து வெச்ச மாதிரி, ஒன்னு பக்கத்துல ஒன்னு. ரப்பர் தோட்டத்துல மங்கு எங்கதான் இல்ல? மண்ணோட தள்ளி மூடிட்டேன். ஒன்னு மட்டும் ஒடையாம இருந்துச்சு. ஆணி போட்டு வெக்க வேன்ல கெடக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யாரு தம்பி?"

"தங்கச்சி."

வேறு ஏதாவது வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேனுக்குப் போய் ஆணிகளைக் கொட்டிவிட்டு, அந்த மங்கைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

பழனியப்பன் சாரிடம் பாறைப் பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவையைப் பிடுங்கி, உடைந்த இடத்தில் ஒரே இணைப்புப் போட்டு மூடுவதுதான் ஒழுங்கான வேலை. அதற்குப் பதில் சிலுவைக்கு இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி, புதுக்கேபிள் துண்டு வைத்து, அந்த இடத்தைச் சுற்றிக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அவர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஒன்னுக்கு ரெண்டு ஜாயிண்டாவும். ஒவ்வொன்னுலயும் வெளிச்சம் கொறையும். ஏற்கெனவே இழுத்துப் புடிச்சு நிக்கிது கணக்கு. அறிக்கையில என்னான்னு எழுதுவே?"

"தெரியல சார்."

"பாறைன்னு எழுது" என்றார். "இந்தத் தடவ சரியான எடத்துல எழுது."

நானே உட்கார்ந்து இரண்டு இணைப்பையும் போட்டேன். முதல் இழை மூன்று முறை உடைந்தது. பிச்சைமுத்து அண்ணன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மறுநாள் காலை திரையில் கோடு கடைசிவரை போயிற்று. ஆறாயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில் மட்டும், அடுத்தடுத்து இரண்டு சின்னப் படிகள். ஒளி அங்கே இரண்டு எட்டு இறங்கிப் பிறகு தன் வழியே போனது. தினமும் காலையில் கருவியைப் போட்டதும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, "நிரைய எங்கேருந்தும்மா எண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆத்தோரத்துலேருந்துதான். வேற எங்கேருந்து?" என்றாள். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நானும் போனேன். செம்பனைக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அம்மா ஆற்றோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். நீலச் சிலுவை தூரத்திலேயே தெரிந்தது. இருந்தும் எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை. நான் பின்னாலேயே போனேன். சோற்றுப் பையில் செய்தித்தாளில் சுற்றி அந்த மங்கு இருந்தது. ஒரு வருடமாக என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். அவள் பார்க்காத நேரத்தில் சிலுவையடியில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். வழியில் கிடந்தது என்று ஒரு பொய்யும் தயாராக இருந்தது.

அம்மா மெழுகுத்திரி கொளுத்தினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை கொளுத்தி, கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் செபம் சொன்னாள். நான் குனிந்து தாளைப் பிரித்து மங்கை மண்ணில் வைத்தேன். தாள் சரசரத்தது. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

மங்கைப் பார்த்தாள். பழுது பார்த்த பிறகு கேபிள் போகிற வழிக்கு நாங்கள் நட்டிருந்த சிமெண்டுக் குறியீட்டுக் கற்களைப் பார்த்தாள். அவை ஒரே நேராக வந்து, சிலுவைக்கு முன்னால் விலகி, சுற்றிக்கொண்டு, பிறகு மறுபடி நேராகப் போயின. அவள் பார்வை அவற்றோடு போய்த் திரும்பி வந்து என்மேல் நின்றது. தயாராக வைத்திருந்த பொய் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"ஒன்னுதான் கெடச்சிச்சா?" என்று கேட்டாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா மங்கை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த ஆணித் துருவை முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். பிறகு அதைக் கவிழ்த்து, தலைமாட்டில் வைத்து, உள்ளங்கையால் மண்ணுக்குள் அழுத்தினாள். கையை எடுக்கவே இல்லை. மெழுகுத்திரி அணைந்து, புகை கொஞ்சதூரம் நேராகப் போய் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது.