ஆறு மணிக்குச் செருப்பை ஒப்படைக்கிறவர்

1.
முதலில் வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, சித்தப்பாவின் செருப்பிலிருந்து வந்தது. அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. வேலை முடிந்து வந்ததும், சரியாக மாலை ஆறு மணிக்கு, செருப்பையும் பூட்ஸையும் துணிப்பையில் போட்டு எதிர்வீட்டுத் தையலக்காவிடம் கொடுத்துவிடுவார். அவள் அலமாரியில் வைத்துப் பூட்டிக் காலையில் திருப்பித் தருவாள். குடியை விட்ட முதல் வாரத்தில் அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. செருப்பில்லாமல் கால் எங்கே போகும்?

2.
எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடைசி ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிறுநகரத்துக்குள் நுழைந்தபோது, அவன்—'

(மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினால் இப்படித்தான் ஆகும். சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "பனி எதுக்கு? எனக்கு சைனஸ் இருக்கு.")

'ஆழம் தெரியாத பள்ளத்தின் விளிம்பில் அவன் நின்றான்.'

("லிஃப்ட்காரன் தினமும் அங்கதான் நிப்பான். சம்பளமே அதுக்குத்தான்.")

இத்தனை வருஷத்தில் உங்களுக்குள் என்ன வளர்ந்தது என்று கேட்டேன். "தொப்பை," என்றார்.

3.
வெறுங்காலோடு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"வெறுங்காலோட போனா பார் வாசல்லயே விரட்டிடுவான். குடிகாரனுக்கும் ஒரு கௌரவம் இருக்குல்ல?"

ஆனால் முதல் மாதத்தில் ஒருநாள் சித்தியின் பூப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். குதிகால் பாதி வெளியே. தெருமுனையில் வார் அறுந்தது. ஒற்றைக் காலில் நொண்டியபடி திரும்பி வந்தார்.*

* சித்தி: "குடிச்சதைக்கூட மன்னிச்சிட்டேன். அந்தச் செருப்பு புதுசு." மறுநாளிலிருந்து அவள் செருப்பும் பையில் போனது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அவளும் பதினோரு வருஷமாக ஆறு மணிக்குமேல் வீட்டைத் தாண்டியதில்லை.

4.
இப்போது பிரச்சினை. தையலக்கா மகளோடு வசிக்க வேறு ஊருக்குப் போகிறாள். நேற்று மாலை சித்தப்பா பையோடு போனபோது அங்கே எல்லாம் மூட்டை. அலமாரியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே எங்க தம்பி வைப்பேன்?"

"சாவியையாவது குடுத்துட்டுப் போங்கக்கா. மனசுக்கு ஒரு தெம்பு."

"எந்தச் சாவி? பூட்டு உடைஞ்சு எட்டு வருஷம் ஆச்சு. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

(இங்கே சித்தப்பா இடிந்துபோய் உட்கார்வதாகத் திட்டமிட்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.)

"தெரியும்க்கா. பதினஞ்சு மாடிக் கதவு பாக்கிறவன். சரியா சாத்தலைன்னா சத்தத்துலயே தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா தூக்கிட்டு வந்த?"

சித்தப்பா பையின் காதைத் திருகினார். "வாங்கும்போது 'இன்னிக்கு எப்படி இருக்க'ன்னு கேப்பீங்கல்ல. உங்ககிட்ட பொய் சொல்ல வராது. அதுக்காகவே பகல் பூரா ஒழுங்கா இருப்பேன்."

தையலக்கா யாருக்கோ தைக்க வைத்திருந்த சட்டைத்துணியில் மூக்கைச் சிந்தினாள். "எட்டு வருஷமா தெரிஞ்சும் பூட்டை ரிப்பேர் பண்ணித் தரல. நீயெல்லாம் மெக்கானிக்கா?"

5.
முடிவு ஒன்று: அவர் செருப்பைத் தன் வீட்டு வாசலிலேயே விட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். (சித்தி: "அவரா? நிம்மதியாவா? கதை விடாத.")

முடிவு இரண்டு: பதினோரு வருஷம் கழித்து அவரும் சித்தியும் அந்தி வெயிலில் கைகோர்த்து நடக்க, தூரத்தில் பனி—

("மறுபடியும் பனியா?")

"பன்னெண்டாவது வருஷம் எப்படிப் போகும்னு எனக்கே தெரியாது," என்றார் சித்தப்பா. "நாளைக்குச் சாயங்காலமே தெரியாது. நீ எப்படி எழுதுவ?"

பேனாவை மூடிவிட்டேன்.

ஆகவே, இப்போது மணி ஆறாகப் பத்து நிமிஷம். எதிர்வீடு காலி. சித்தி தன் செருப்பைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறாள், "வர்றீங்களா, நான் மட்டும் போகவா?" என்று இரண்டுமுறை கேட்டுவிட்டாள். மீதி இரண்டு ஜோடியும் பையில் இருக்க, சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் படிக்கும் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறார். உங்களைத்தான் பார்க்கிறார்.

பையை வாங்கி வைத்துக்கொள்வீர்களோ, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்பீர்களோ, அது உங்கள் பாடு. உங்களிடம் பூட்டு இருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார்.

ஆனால் முதலில் அவரைக் கேளுங்கள், இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று.