சும்மா நின்ற குழாய்

1.
இந்தக் கதை எனக்கு ஓர் இருமலில் கிடைத்தது. சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போன இடத்தில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் அம்மாள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து, பத்து அல்ல, தட்டுத் தட்டாக. கேன்டீன் என்று நினைத்து ஆம்லெட் கேட்டிருப்பேன். அவர் போட்டிருந்த முகக்கவசம் என் மானத்தைக் காப்பாற்றியது. காசநோய்க் கிருமிக்கு முட்டை பிடிக்குமாம். முட்டையோடு கொஞ்சம் உப்பு, கிளிசரின், பச்சைச் சாயம் கலந்து, குழாயில் ஊற்றி, சாய்த்து வைத்துச் சூடேற்றினால் பச்சைச் சரிவாக உறையும். அதன்மேல் நோயாளியின் சளியை விட்டு, கதகதப்பில் வைத்து, எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். (என் கதைகளும் அப்படித்தான். பெரும்பாலும் ஒன்றும் முளைப்பதில்லை.)

2.
முதல் தொடக்கம்: ‘தம்பியின் சளி என்று தெரிந்ததும் அவள் கை’ —

வேண்டாம். அழுவாச்சி.

இரண்டாவது: ஆய்வகத்தில் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர். ஆறு மாதம் மாத்திரை விழுங்கி முடித்த தம்பியின் சளி, பதினேழாம் எண் குழாயில். ஒன்றும் முளைக்காவிட்டால் குணம். அதுவரை மூன்று வயது மகளைத் தொடமாட்டேன் என்று அந்தப் பயந்தாங்கொள்ளி தனி அறையில் கிடந்தான்.

“அக்கா, இன்னும் எத்தனை வாரம்?”

“அஞ்சு. தினம் கேட்டா அது கோவிச்சுக்கிட்டு முளைச்சிடும்டா.”

“நான் ஒளிஞ்சு விளையாடுறேன்னு நினைச்சு, பாப்பா கதவைத் தட்டி, ‘அப்பா, கண்டுபிடிச்சுட்டேன், வெளிய வா’ங்குறாக்கா.”

ஆறாம் வாரம், பதினேழில் ரொட்டித்துகள் போல மூன்று புள்ளிகள் என்று எழுதினேன். கதைக்குத் திருப்பம் வேண்டுமே. மறுநாள் படித்தபோது மனசு கேட்கவில்லை. அடித்துவிட்டேன். குழாய் சுத்தம்.

3.
(குறிப்பு: ஒவ்வொரு முறையும் கடைசிக் குழாயில் எதையும் விட மாட்டார்கள். கலவை சுத்தமா என்று காட்ட அது வெறுமனே நிற்கும். “எங்க வீட்டுக்காரர் மாதிரி சும்மாவே நிக்கும்,” என்பாள் முட்டைக்காரி. “ஆனா அதுல ஏதாச்சும் முளைச்சா, மத்த எதையும் நம்ப முடியாது.”)

4.
ஏழாம் வாரம். பதினேழு சுத்தம். கடைசிக் குழாயில் ரொட்டித்துகள் போல மூன்று புள்ளிகள்.

நான் எழுதவில்லை. அடித்த வரியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதே மூன்று.

“தம்பி குழாய்ன்னு பதறி, மாத்தி விட்டுட்டியாம்மா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“இல்லண்ணே. என் கை எனக்குத் தெரியும்.”

“அப்ப யார் கை?”

அவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அன்று நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. நான் வீட்டில், மேசைமுன் இருந்தேன். இருந்தாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

5.
முடிவு அ: அவள் அந்தக் குழாயை மறைத்துவிடுகிறாள். தம்பி மகளைத் தூக்குகிறான். எழுதிப் பார்த்தேன். தூக்கியதும் குழந்தை லேசாக இருமியது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவள் எல்லாக் குழாய்களையும் கழித்துவிட்டு மறுபடி முட்டை உடைக்கிறாள். இதை அவளே முடிவு செய்தாள், என்னைக் கேட்கவில்லை.

“இன்னும் எட்டு வாரம்டா.”

“சரிக்கா. பாப்பாவை மறுபடி முதல்லேர்ந்து எண்ணச் சொல்றேன்.”

புது வரிசையில் புதுப் பதினேழு நிற்கிறது. அந்த மூன்று புள்ளிகளை நான் இப்போது எங்கும் வைக்கவில்லை. ஆனால் அடித்தது எங்காவது முளைக்கிறது. அது அந்த வரிசையில் முளைக்கக் கூடாது. அதனால்தான் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். சத்தியமாக, அதில் எதையும் விடவில்லை. வாரம் ஒருமுறை பாருங்கள்.

[                                        ]