பூஜையில் வைத்த வண்ணக் குச்சிகள்

என் கணவர் ராஜரத்தினத்துக்குக் கெட்ட மனசு கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள். கெட்ட மனசாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தி. நகரில் கீழே எங்கள் துணிக்கடை, மேலே வீடு. மொட்டைமாடியில் ஓர் அறை, அது என்னுடையது. அங்கேதான் பேஸ்டல் என்னும் வண்ணக் குச்சிகளால் நிலக்காட்சி வரைகிறேன். பெரும்பாலும் அடையாறு முகத்துவாரம்: உடைந்த பாலம், சேறு, தண்ணீர், அதன்மேல் காலை வெளிச்சம். மயிலாப்பூரில் கேலரி வைத்திருக்கும் பிரிஸில்லா, நான் வரைந்த பெரிய முகத்துவாரத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க ஆயுத பூஜையன்று மாலை வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் என் முதல் கண்காட்சி.

அன்று காலை, படத்துக்குச் சட்டம் போடுகிறவரைப் பார்க்க அசோக் நகர் போயிருந்தேன். திரும்பி வந்து மாடியேறினால் அறை பளபளவென்று இருந்தது. கடையில் பல வருஷமாக வேலை பார்க்கும் வைரவன் ஈரத்துணியோடு நின்றார்.

"அண்ணாச்சிதான் சொன்னாவ அக்கா. இந்த வருசம் ஒங்க சாமானையும் பூஜைல வைக்கணும்னு. எல்லாத்தையும் தூசி தட்டித் தொடச்சாச்சு."

எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்தான். பேஸ்டலில் நிறம் தாளோடு ஒட்டிப்போகாது, சொரசொரப்பில் பொடியாக உட்கார்ந்திருக்கும். கண்ணாடி போடும்வரை பக்கத்தில் தும்மக்கூட யோசிப்பேன். வைரவன் கடை அலமாரியைத் துடைக்கிற மாதிரி துடைத்திருந்தார். முகத்துவாரத்தில் தண்ணீரும் இல்லை, பாலமும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது.

கீழே ஓடினேன். கடையில் தராசு, கத்தரி, அளவுகோல், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூஜை முடிந்திருந்தது. நடுவில் என் பேஸ்டல் தட்டுகள். ஒவ்வொரு குச்சியிலும் சந்தனம், குங்குமம்.

"எப்படி வடிவு? ஜாக்கெட் துணி அடுக்குத மாதிரி நானே அடுக்கினேன்," என்றார் ராஜரத்தினம்.

சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம். நான் நிறம் பார்த்து அடுக்குவதில்லை, வெளிச்சம் பார்த்து அடுக்குவேன். ஒரே அளவு இருட்டான ஊதாவும் பச்சையும் பழுப்பும் என்னிடம் ஒரே தட்டில் கிடக்கும். தண்ணீரின் நிழலுக்குக் கை தானாக அங்கே போகும். இருபது வருஷமாக மாடியில் அந்தத் தட்டுகளைப் பார்த்திருக்கிறார் மனுஷன். ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

படம் அழிந்துபோனதைச் சொன்னேன். நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

"அடப் பாவமே! திரும்ப வரஞ்சிரலாம்லா?"

"வரையலாம். சாயங்காலத்துக்குள்ள தண்ணியையாவது தேத்திருவேன். குச்சியக் குடுங்க."

"பூஜைல வச்சத நாளைக்கு வரைக்கும் தொடப்பிடாதே வடிவு."

கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த என் போனை எடுத்துப் பிரிஸில்லாவை அழைத்தேன். நாளைக்கு வர முடியுமா என்றேன். "இந்த வருஷக் கண்காட்சி லிஸ்ட் இன்னிக்கு நைட்டு பிரிண்டுக்குப் போகுதுங்க மேடம். சாயங்காலம் கண்டிப்பா வந்துடறேன்," என்றாள்.

அப்போது ஒரு கல்யாண வீட்டார் கும்பலாக நுழைந்தார்கள். ஜாக்கெட் துணி வேண்டும், இருபது முப்பது பேருக்கு, உடனே வெட்டித்தர வேண்டும். ராஜரத்தினம் பூஜைக்கு வைத்த கத்தரியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அளவுகோலை வைரவனிடம் நீட்டினார்.

"அத மட்டும் எடுக்கலாமா?" என்றேன்.

"தொழில்னு வந்துட்டா சாமி கோவிச்சுக்காது."

"அப்ப என்னோடது?"

வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒனக்கென்ன அவசரம்? நீ என்ன கடையா நடத்துத?" அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பே கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். யாரும் தடுக்கவில்லை. துணி கிழிபடும் சத்தத்தில் யாரும் பார்க்கவே இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி வரைந்தேன். கலைந்த தட்டில் ஒவ்வொரு குச்சியையும் தேடவேண்டியிருந்தது. ஆனாலும் தண்ணீர் வந்தது. பாலத்தின் நிழலும் வந்தது. முதலில் இருந்ததைவிட நன்றாக வந்ததோ என்றுகூடத் தோன்றியது. அன்று முழுவதிலும் எனக்குச் சந்தோஷம் என்று இருந்தது அதுதான். வெளிச்சம் மங்கும்வரை படியில் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டு, கீழே இறங்கினேன்.

"அந்த கேலரி அம்மா வந்தாவ," என்றார் ராஜரத்தினம். "பூஜைல வச்சத இன்னைக்குத் தொடமாட்டா, படம் முடியலன்னு பக்குவமா எடுத்துச் சொல்லிட்டேன். ஒன் சார்பா மன்னிப்பும் கேட்டேன். சுண்டல், பொரி எல்லாம் கட்டிக் குடுத்தேன். பாவம், நல்ல பொம்பள."

கல்லாவில் என் போன் கிடந்தது. நான்தான் எடுக்க மறந்திருக்கிறேன். பிரிஸில்லாவிடமிருந்து எடுக்காத அழைப்புகள் இருந்தன, அப்புறம் ஒரு செய்தி: 'பரவாயில்லைங்க மேடம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.'

போனை அவர் முன்னால் நீட்டினேன். அவர் என் கைகளைப் பார்த்தார். விரலெல்லாம் கருநீலமும் பச்சையுமாக இருந்தன.

"ஐய, இன்னும் அங்கதான் தொடச்சிக்கிட்டு இருந்தியா? கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்," என்றார்.