மெசினுக்குப் போடு

இரும்பு அலவாங்கின் முதல் அடி றொபேட்டின் தோளில் விழுந்தபோது, எலும்பு முறிந்த சத்தம் வீட்டுக்குள் தம்பியின் சவப்பெட்டியருகே இருந்த ஜெனீற்றாவுக்கே கேட்டது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். அவள் வெளியே ஓடினாள்.

முற்றத்தில், றொபேட் கொண்டுவந்த மலர்வளையத்தை மிதித்துக்கொண்டு அவளுடைய அப்பா பஸ்ரியாம்பிள்ளை நின்றார். காலமெல்லாம் வலை இழுத்த கைகள். பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டார்.

"என்ர பிள்ளையைக் கொன்டுபோட்டுப் பூவோட வாறியோ, நாயே! நீ பூட்டின சாமான்தானேடா அவனைக் கொன்டது!"

நிலத்தில் கிடந்த றொபேட் ஊர்காவற்றுறையில் கார் திருத்துகிறவன். அவளுடைய தம்பி லியோனின் பழைய காருக்கு மெசினின் இழுவையைக் கூட்டும் ரேர்போ பூட்டியவன் அவன்தான். முந்தாநாள் லியோன் சினேகிதனோடு ஓட்டப்போட்டி வைத்து, வேலணை வளைவில் குறுக்கே நின்ற மாட்டைக் கண்டு பிறேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. மதகுச் சுவரில் மோதியது. தகரத்தை வெட்டித்தான் அவனை எடுத்தார்கள். அந்தக் கார் இப்போது வேலியோரம் நசுங்கிக் கிடந்தது.

றொபேட் நல்ல கையால் முகத்தை மறைத்தானே தவிர, வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லமாட்டான் என்று ஜெனீற்றாவுக்குத் தெரியும். செத்தவீட்டில், பெற்ற தகப்பனிடம், அதை எந்த மனுசன் சொல்லுவான்?

ரேர்போ பூட்டிய அன்று கராஜில் அவளும் நின்றாள். லியோனிடம் இருந்த காசு பிறேக்குக்கோ ரேர்போவுக்கோ, ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும்.

"முதல் பிறேக்கையும் ரயரையும் மாத்தும் தம்பி. இழுவையைப் பிறகு பாப்பம்" என்றான் றொபேட்.

லியோனின் முகம் சுருங்கிவிட்டது. பிறேக்கைப் பார்த்து ஊரில் எவன் மெச்சப்போகிறான்? மீன் விற்றுவிட்டு அவ்வழியே வந்த அப்பாவிடம் திரும்பினான். "நீங்கள் சொல்லுங்கோ அப்பா."

அப்பா கார் ஓட்டியதே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடல். "பிறேக்கோ? எந்த வள்ளத்துக்கடா பிறேக் இருக்கு? காத்து மாறினா ஆளைக் கரை சேர்க்கிறது மெசின்தான். மெசினுக்குப் போடு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனீற்றாவும் சிரித்தாள்.

ஆத்திரத்துக்குக் கண் இல்லை என்பார்கள். இப்போது அதற்கு ஞாபகமும் இல்லை. அலவாங்கு மறுபடி உயர்ந்தது, இம்முறை தலைக்கு நேரே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பார்த்துக்கொண்டு நின்றால் இந்த முற்றத்தில் இன்னொரு பிணம் விழும். அவள் குறுக்கே பாய்ந்தாள்.

"றொபேட் அண்ணை பிறேக்தான் போடச் சொன்னவர். மெசின் எண்டது நீங்கள், அப்பா!"

அவருடைய புறங்கை அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது. அவள் நகரவில்லை.

"ஐயோ, இருக்கிற பிள்ளையையும் கொல்லப் போறியளோ!" வாசலில் அம்மா கத்தரீனா அலறினாள்.

அப்பா மகளையே பார்த்தார். பிறகு காரிடம் போனார். கண்ணாடியை அடித்தார். விளக்குகளை அடித்தார். பொனற்றை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த அந்தப் புதுச் சாமானை உருத்தெரியாமல் போகும்வரை அடித்தார். யாரும் தடுக்கவில்லை. அதற்கிடையில் றொபேட்டைத் தூக்கி ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். அலவாங்கு நழுவி விழுந்தபோது, கயிறு இழுத்துக் காய்த்த அந்த உள்ளங்கைகள் உரிந்திருந்தன.

பின்னேரம் பெட்டியை வான் வண்டியில் ஏற்றி, அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் புறப்பட்டார்கள். அப்பா சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். ஜெனீற்றா பெட்டியோடு பின்னால். உதடு வீங்கி விண்ணென்று வலித்தது.

கோயிலடி தாண்டி ஒரு வளைவு வந்தது. தெருவில் மாடு இல்லை, வாகனம் இல்லை. சனம் பின்னால் நடந்து வந்ததால் வான் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

அப்பாவின் செருப்பில்லாத வலது கால் முன்னுக்கு நீண்டு, பிறேக் இல்லாத வெறும் தகரத்தை மிதித்தது. வளைவு கடந்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.