வாங்குபவர் பக்கம்

அந்தக் குளிர்காலத்தை நினைக்கும்போதெல்லாம் லுத்ஃபிக்கு முதலில் வருவது புண்ணாக்கு வாசம்தான். ஆலிவ் அறுவடை முடியும்வரை ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரில் எந்தச் சன்னலைச் சாத்தினாலும் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆலையை ஒட்டிய எண்ணெய் ஏற்றுமதி அலுவலகத்தின் மாடியில், மாதிரிகளை ருசி பார்க்கும் அறையில், வேலை முடிந்தபின் மூன்று பேர் ஆங்கிலத்தில் பேரம் பேசிப் பழகினார்கள். கப்பல் காகிதங்களைப் பார்க்கும் லுத்ஃபி, கடிதங்களும் டெலக்ஸும் கவனிக்கும் வஸீலா, விற்பனைப் பிரிவு ஃபர்ஹாத்.

மூவருக்கும் அரபி தாய்மொழி, பிரெஞ்சு பள்ளிக்கூடத்து மொழி. ஆங்கிலம் ஒரு கேஸட்டில் வந்து சேர்ந்தது. பிப்ரவரி முடிவில் ரோட்டர்டாமிலிருந்து வாங்குபவர்கள் வரப்போகிறார்கள் என்று முதலாளி ஸி ஷத்லி அதை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஒப்பந்தம் மட்டும் முடியட்டும், அந்த ஊர்லயே ஒரு ஆபீஸ் போடுறேன். கூட்டத்துல யார் நல்லாப் பேசுறீங்களோ, அவங்கதான் அங்க போறது" என்றார்.

கேஸட்டில் இருந்த மனிதர்கள் விசித்திரமானவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவே மாட்டார்.

"இவங்க எல்லாருக்கும் காய்ச்சலா? நம்ம ஊர்ல ஒருத்தன் பேசி முடிக்கிறவரைக்கும் இன்னொருத்தன் சும்மா இருந்தான்னா, டாக்டரைக் கூப்பிடுவாங்க" என்றான் ஃபர்ஹாத்.

வஸீலா சிரிக்கவில்லை. "நாலு அண்ணன்மாரோட வளர்ந்தவ நான். எங்க வீட்டுல நான் பேசி முடிச்ச வாக்கியம் ஒண்ணுகூடக் கிடையாது. இந்த பாஷையில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க பாரு, அந்த ஊருக்கு நான் போயே ஆகணும்."

சொல்லிவிட்டு அவள் லுத்ஃபியைப் பார்த்தாள். அவன் தேநீரில் மிதந்த பாதாமைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயிற்சிக்கு ஒருவர் வாங்குபவர், ஒருவர் விற்பவர். முதல் நாள் கணப்புப் பக்கத்து நாற்காலியில் வஸீலா உட்கார்ந்தாள். வாங்குபவரின் வரிகள் அவளுக்கு வந்தன. மறுநாளும் குளிர் விடவில்லை, அவளும் அந்த நாற்காலியை விடவில்லை. எதிரே லுத்ஃபி. வீட்டிலும் கடைத்தெருவிலும் தலையசைப்பிலேயே காலம் தள்ளுகிறவன், ஆங்கிலத்தில் மட்டும் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

"உங்கள் விலை எங்களுக்கு மிக அதிகம் என்று அஞ்சுகிறேன்" என்பாள் அவள், புருவத்தைத் தூக்கி.

"உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தரத்தையும் கருத்தில் கொள்ளும்படி வேண்டுகிறேன்" என்பான் அவன்.

"ஐயோ, போதும்டா! இவ்வளவு மரியாதையா எண்ணெய் வித்தா, அது கசந்துடும்" என்பான் ஃபர்ஹாத்.

அவள் தேறத் தேற லுத்ஃபிக்குப் பயம் கூடியது. அவள் நன்றாகப் பேசினால் போய்விடுவாள். அவள் சறுக்கினால் மாடியில் கணப்பும் தேநீரும் இருக்கும், அடுத்த குளிர்காலமும் இருக்கும். இது தெரிந்தே அவன் ஒவ்வொரு மாலையும் அவள் தவறுகளைத் திருத்தினான்.

கூட்டத்து நாள் வந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் இரண்டு டச்சுக்காரர்கள், மறுபக்கம் இவர்கள். வந்தவர்களில் பெரியவர் எண்ணெயை உறிஞ்சிப் பார்த்து, தலையாட்டி, விலையைக் கேட்டார். ஸி ஷத்லி சொன்ன விலையை ஃபர்ஹாத் மொழிபெயர்த்தான். இப்போது பேச வேண்டியவள் வஸீலா. அந்த விலை ஏன் நியாயம் என்று அவள் விளக்கவேண்டும்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெளிவான, அழகான ஆங்கிலத்தில் சொன்னாள்:

"உங்கள் விலை எங்களுக்கு மிக அதிகம் என்று அஞ்சுகிறேன்."

குளிர்காலம் முழுவதும் அவள் ஒரு முறைகூட எண்ணெய் விற்றதில்லை என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. விலைக்குப் பின் அவள் நாக்கில் வந்து பழகியது அந்த வாக்கியம் ஒன்றுதான். அவள் முகம் வெளிறிவிட்டது. ஸி ஷத்லிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் டச்சுக்காரர்களின் முகம் தெரிந்தது.

சும்மா இருந்தால் போதும் என்று லுத்ஃபிக்குத் தோன்றியது. அவன் எதுவும் செய்யவேண்டாம். சும்மா இருப்பது அவனுக்குப் புதிதும் அல்ல. அவள் இங்கேயே இருப்பாள்.

மேசையின் மேல் அவள் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன.

"மன்னிக்கவும், இங்கே ஒன்று சொல்லலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "உங்கள் கவலை புரிகிறது. இந்த ஆண்டு மழை தவறியது. காய் குறைவு, எண்ணெய் கெட்டி."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு புருவம் மெல்ல உயர்ந்தது. "மழை தவறியதற்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?"

அவன் பதில் சொன்னான். போய்ச் சேர நாளானால் எண்ணெய் கெட்டுப்போகாதா என்றாள். பீப்பாய்களைப் பற்றிச் சொன்னான். விடாமல் கேட்டாள், விடாமல் சொன்னான். இளைய டச்சுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாங்கள் கேட்க நினைத்ததையெல்லாம் இந்த அம்மையாரே கேட்டுவிட்டார். இனி எங்களுக்கு என்ன வேலை?"

கையெழுத்தானது.

அவர்கள் போனதும் ஸி ஷத்லி ஃபர்ஹாத்தைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு யார் கட்சி? எனக்கு இப்பவே சொல்லு."

"அவங்க கட்சியில உட்காந்து நம்ம எண்ணெயை வித்துருச்சு, ஸி ஷத்லி."

"அப்படியா? சரி, அப்ப அவங்க ஊருக்கே போகட்டும்."

அன்று மாலை பழக்கத்தில் லுத்ஃபி மாடிக்குப் போனான். வஸீலா ஏற்கெனவே வந்திருந்தாள். கணப்பு மூட்டவில்லை. அவள் மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் இங்கயேதான் கிடந்திருப்பேன், லுத்ஃபி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவள் காத்திருந்தாள். அவனிடம் இன்னொரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் என்றால் அதற்கு ஒரு பீடிகை போட்டு, மன்னிப்புக் கேட்டு, எப்படியாவது சொல்லியிருப்பான். அரபியில் அது பேச்சல்ல, பெண் கேட்பது. கீழே ஆலையின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மப்ரூக்" என்று வாழ்த்தினான் கடைசியில். "அங்க குளிர் ஜாஸ்தியாம். கனமான காலணியா வாங்கிக்கோ."

"வாங்கிக்கிறேன்" என்றாள். இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்கு இன்றும் தெரியாது. அவளாவது கேட்டிருக்கலாமே என்று கோபப்பட்ட வருடங்களும் உண்டு. கோபம் இப்போது இல்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் அவன் சன்னலைச் சாத்துவதில்லை.