இருபத்துநாலு பேலட்

புதன்கிழமை மத்தியானம், புவெர்த்தோ கோர்த்தெஸ் துறைமுகமே வியர்வையில் ஊறிக் கிடந்த நேரத்தில், கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிதர் டெல்மிராவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

டெல்மிரா ஃபூனெஸ் பேலட் செய்கிறவள். சரக்கு மூட்டைகளை அடுக்கி வைத்து, ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒரே தூக்கில் தூக்கிப் போகிற மரத்தட்டுதான் பேலட். கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். பட்டறை அவளும் கொழுந்தன் நாவூனும் நடத்துவது.

நாவூன் வந்தவரை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணி, இவரு ஊர்ல பனி பெய்யுது போலிருக்கு."

"பஸ் ஏறும்போது குளிருச்சு தம்பி," என்றார் அவர். "உள்ள போட்டிருக்கிற பனியன் கிழிசல். அதான் கழட்ட முடியல."

டெல்மிரா சிரித்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் கதையைச் சொன்னார்.

பெயர் அன்செல்மோ மனுவெலெஸ். இந்திபுகா மலையில் உருளைக்கிழங்கு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். நாலைந்து வருஷமாகச் சொந்த விதையையே திரும்பத் திரும்ப நட்டதில் நோய் விழுந்து, கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அறுபது குடும்பம் சேர்ந்து இந்த வருஷம் கனடாவிலிருந்து விதைக்கிழங்கு வரவழைத்தார்கள். கண்டெய்னர் திங்கட்கிழமை வந்து இறங்கியது. பயிர்ப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் அம்மா திறந்து பார்த்தார். கிழங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூட்டைக்கு அடியிலிருந்த பேலட் ஒன்றில் மரப்பட்டையை உரிக்காமல் விட்டிருந்தார்கள். பட்டைக்குள் உயிரோடு ஒரு புழு நெளிந்தது.

"அத்தனை பேலட்டையும் எரிக்கணுமாம். கிழங்கை முத்திரை போட்ட புதுப் பேலட்டுக்கு மாத்தினா விடுவாங்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மாத்தலேன்னா அன்னைக்கு ராத்திரி கப்பல்லயே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க. சான் பெத்ரோ சூலாவுல பெரிய பேலட் கம்பெனிக்கு ஓடினேன். நாளைக்கு மே தினம், திங்கக்கிழமை வான்னுட்டாங்க. துறைமுக வாசல்ல பலேயாடா அடை சுடற ஃபெலிசித்தா அம்மாதான் உங்களைச் சொன்னாங்க."

"எத்தனை வேணும்?"

"இருபத்துநாலு."

டெல்மிரா நாவூனைப் பார்த்தாள். பதினைந்து பேலட் அடித்துத் தயாராக இருந்தது. இன்னும் ஒன்பது அடிக்க வேண்டும். அது பெரிய விஷயமில்லை. முத்திரைதான் விஷயம்.

வெளிநாட்டுச் சரக்குக்குப் போகிற மரத்தைச் சூட்டறையில் வைத்து, அதன் நடு வயிறு வரைக்கும் ஐம்பத்தாறு டிகிரி ஏறவிட்டு, அந்தச் சூட்டிலேயே முப்பது நிமிஷம் வைக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் புழு, முட்டை எல்லாம் அதில் சாகும். அதன் பிறகுதான் முத்திரை குத்தலாம். அந்த முத்திரைக்கு உரிமம் வாங்க டெல்மிராவுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பழைய கண்டெய்னர் பெட்டி ஒன்றை வாங்கி, சூடு வெளியே போகாமல் உள்ளே பஞ்சுப்பலகை அடித்து, கேஸ் அடுப்பும் காற்றாடியும் பொருத்திச் சூட்டறை கட்டினாள். மூன்று முறை அதிகாரிகள் குறை சொல்லித் திருப்பினார்கள். நாலாவது முறை கிடைத்தது. கிடைத்து எட்டு மாதமாகியும் ஏற்றுமதிக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பெரிய கம்பெனி போதுமாயிருந்தது. முத்திரைக் கட்டை துணி சுற்றியபடி அலமாரியில் தூங்கியது.

"வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்குத் தர்றேன்," என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பதையும் அடித்து முடித்தார்கள். அன்செல்மோவும் சும்மா இருக்கவில்லை. கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு, கிழிந்த பனியனோடு பலகை தூக்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் சூட்டறையை மூடி அடுப்பைப் பற்றவைத்தார்கள். இருப்பதிலேயே தடித்த கட்டையில் துளை போட்டு, வெப்பமானியின் ஊசியை நடுவரை இறக்கியிருந்தாள் டெல்மிரா. அரை மணிக்கு ஒரு தரம் நோட்டில் குறித்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. பதினொரு மணிக்கு மழை பிடித்தது. தகரக்கூரை உடைந்துவிடும்போல அடித்தது. பெட்டியின் வெளிச்சுவர் குளிர, உள்ளே சூடு நத்தையாக ஏறியது. கேஸ் மட்டும் இரண்டு மடங்கு எரிந்தது.

இரண்டு மணிக்கு ஐம்பத்துமூன்று. கொஞ்ச நேரத்தில் அடுப்பு இருமுறை விக்கிவிட்டு அணைந்தது.

நாவூன் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான். காலி. போன் போட்ட கடையெல்லாம் மே தினத்துக்குப் பூட்டியிருந்தது. டெல்மிரா நோட்டில் எழுதினாள்: ஐம்பத்தொன்று. பிறகு, நாற்பத்தெட்டு.

அன்செல்மோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா, மூணு டிகிரிதானே கம்மி. முத்திரை உங்க கையில இருக்கு. குத்திருங்க. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே."

"இது புது மரம்க்கா. இதுல ஏது புழு?"

"உங்க கிழங்குக்கு அடியில வந்துச்சே, அந்தப் பேலட்லயும் முத்திரை இருந்துச்சுல்ல? அங்கயும் ஒருத்தன் இப்படித்தான் நினைச்சிருப்பான்."

அன்செல்மோவின் முகம் சிவந்தது. "உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. மலையில அறுபது வீட்டுல உழுது போட்டுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இந்த மழைக்கு நட்டாத்தான் உண்டு. நான் வெறுங்கையோட போய் என்ன சொல்ல? மூணு டிகிரி கம்மியாயிடுச்சுன்னா?"

டெல்மிராவுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் மேலேயே கோபமும் வந்தது. இன்னொரு சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டுமென்று போன வாரமே நினைத்தாள். அலமாரி ஏழடி தூரத்தில்தான் இருந்தது. துணியை அவிழ்த்து இருபத்துநாலு தரம் குத்த கால் மணி நேரம்கூட ஆகாது.

"அழாதீங்க," என்றாள், அவர் அழவில்லையென்றாலும். "வாங்க என்கூட."

மழையில் நனைந்துகொண்டே மூன்று பேரும் துறைமுக வாசல் முக்குக்கு ஓடினார்கள். விடுமுறைக்குக் கடற்கரை வந்த கூட்டம் மழைக்கு ஒதுங்கி ஃபெலிசித்தாவின் தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. கோதுமை அடை பொங்கி எழ, அதில் பயறு மசியலும் வெண்ணெயும் தடவி மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள் அவள். கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

"ஃபெலிசித்தா, உன் கேஸ் சிலிண்டர் வேணும்."

"என் ரெண்டு கண்ணையும் கேளு, தர்றேன். இன்னைக்கு என்ன நாள் தெரியுமா? வருஷத்துக்கு இப்படி நாலு நாள்தான் எனக்கு."

"இவரை என்கிட்ட அனுப்பி வெச்சதே நீதானே?"

"வழி சொன்னது தப்பாடி? வழி சொன்னா வீட்டையே எழுதிக் குடுன்னு கேப்பியா?" அன்செல்மோவின் கிழிந்த பனியன் மேல் அவள் பார்வை விழுந்தது. "ஏன்யா, உன் உருளைக்கிழங்குக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"அதுக்கு மே தினம் தெரியாதும்மா," என்றார் அன்செல்மோ பரிதாபமாக.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஃபெலிசித்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாவூன்தான் வழி கண்டுபிடித்தான். பட்டறையில் துண்டு மரம் மலையாகக் குவிந்து கிடந்தது, காய்ந்த பைன். பழைய டிரம் ஒன்றை வெட்டி விறகடுப்பாக்கி, தார்ப்பாய்க்குக் கீழே கொண்டுவந்து வைத்தான். தோசைக்கல் மாதிரியான அவள் தட்டு அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. விறகு தள்ள அன்செல்மோவை நிறுத்தினார்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் சாயங்காலம்வரை தள்ளினார். விறகில் சுட்டது இன்னும் வாசமாயிருக்கிறது என்று இரண்டு பேர் மறுபடியும் வாங்கித் தின்றார்கள்.

சிலிண்டர் சூட்டறைக்குப் போனது. நாற்பத்தாறிலிருந்து திரும்ப ஏறத் தொடங்கியது. ஐம்பது. ஐம்பத்துநாலு. ஐந்தே முக்காலுக்கு ஐம்பத்தாறைத் தொட்டது. டெல்மிரா முப்பது நிமிஷத்துக்குப் பதில் நாற்பது நிமிஷம் விட்டாள். பிறகுதான் அலமாரியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பேலட்டுகள் துறைமுகக் கிட்டங்கியில் இறங்கின. இன்ஸ்பெக்டர் இவெத் காஸ்தெயோன் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். ஒல்லியான பெண்மணி; சிரிக்கிற பழக்கம் இல்லாதவர் என்று துறைமுகத்தில் பெயர். ஒவ்வொரு பேலட்டையும் கவிழ்த்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு கையை நீட்டினார்.

"சூடு குறிச்ச நோட்டு?"

டெல்மிரா கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதென்ன, ஐம்பத்துமூணு வந்துட்டு நாற்பத்தாறுக்கு இறங்கியிருக்கு?"

அன்செல்மோ கண்ணை மூடிக்கொண்டார்.

"கேஸ் தீர்ந்துபோச்சு மேடம்," என்றாள் டெல்மிரா. "மூணு மணி நேரம் வீணாச்சு. அப்புறம் சிலிண்டர் மாத்தி, மறுபடி முதல்லேர்ந்து ஏத்தினோம். கீழ இருக்கு பாருங்க."

இவெத் கீழே இருந்ததையும் பார்த்தார். நோட்டை மூடி அவளிடமே திருப்பித் தந்தார்.

"பதினொரு வருஷமா இந்த நோட்டுங்களைப் பார்க்கிறேன். எல்லாருக்கும் படிக்கட்டு மாதிரி ஏறிக்கிட்டே போகும். சூடு இறங்கினதை எழுதி வெச்ச ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். மூட்டையை மாத்துங்க. சீக்கிரம், வெயில் ஏறிடும்."

எட்டு கூலிக்காரர்களும் அன்செல்மோவும் மூட்டைகளை மாற்றினார்கள். கண்டெய்னருக்குள்ளிருந்து வந்த குளிர்காற்றில் அவருக்கு ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ, வேலை முடியும்வரை வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே இருந்தார். பதினொன்றரைக்கு லாரி கிளம்பியது. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர், மறுபடியும் இறங்கி வந்தார்.

"நேத்து நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

"வெச்சுக்கல. போய்க் கிழங்கை நடுங்க."

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. வயலில் பத்துக்கு ஒன்பது முளைத்துவிட்டதாம். முளைக்காத பத்தாவது தன் மச்சான் வயலில்தானாம், அவன் எப்போதுமே ஆழமாக நடுவானாம். அன்செல்மோ அரை மணி நேரம் மச்சானைத் திட்டினார். டெல்மிரா ஆணி அடித்துக்கொண்டே கேட்டாள்.

அதே வாரம் இவெத் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். சூட்டறையை உள்ளும் புறமும் பார்த்தார். கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொன்னார். போகும்போது ஒரு கம்பெனியின் பெயர் எழுதிய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சாந்தா பார்பராவுல காப்பி ஏற்றுமதி பண்றவங்க. மாசாமாசம் மாண்ட்ரியாலுக்கு அனுப்புறாங்க. போன தடவை கனடாக்காரங்க இவங்க பேலட்டைத் திருப்பிட்டாங்களாம். இங்க யாரை நம்பலாம்னு கேட்டாங்க. சட்டப்படி நான் ஒரு பேரை மட்டும் சொல்லக் கூடாது. உரிமம் உள்ளவங்க பட்டியலைத்தான் கொடுத்தேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவங்களே கூப்பிடுவாங்க. மாசம் நூத்தைம்பது பேலட் கேப்பாங்க. முடியுமா உங்களால?"

"முடியும் மேடம்," என்று வாய் சொல்லிவிட்டது. அவர் போன பிறகுதான் டெல்மிரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாவூன் எதிரே தரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான்: இரண்டு ஆள் வேண்டும், இன்னொரு சூட்டறை வேண்டும், மூன்று சிலிண்டர் எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

"கனடாவுல முத்திரையில இருக்கிற நம்ம நம்பரைப் படிப்பாங்களா அண்ணி?"

"படிக்கலேன்னாதான் நல்லது. ஏதாவது தப்புன்னாத்தான் படிப்பாங்க."

திங்கட்கிழமை மரக்கடைக்குப் போனாள். எப்போதும் அரை வண்டி மரம் வாங்குகிறவள், அன்றைக்கு முழு லாரி கேட்டாள். கடைக்காரர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடப் போனவர் பாதியில் திரும்பினார்.

"எங்க இறக்கணும் டெல்மிரா அம்மா?"

அவள் அதை யோசித்திருக்கவே இல்லை. பட்டறையில் கால் வைக்க இடம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து டயர் கடைக்காரரிடம் அவருடைய பின்கட்டைக் கேட்பதற்காக வேகமாக நடந்தாள்.