சொன்னது மருமகன், எழுதியது மாமனார்

மோர்மன் வேதநூலை எழுதியது யார் என்ற சண்டை, மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் மகேந்திரராஜா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று ஞாயிறாக நடந்துகொண்டிருந்தது. மருமகன் கஜீவன் மோர்மன் சபையில் சேர்ந்து ஒரு வருடம். இறைவன் அருளியதைச் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசி வாயால் சொன்னார், மனைவியும் நண்பர்களும் அப்படியே எழுதினார்கள் என்பது அவன் கட்சி.

யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்த மகேந்திரராஜாவால் அந்த ‘அப்படியே’யைத்தான் சகிக்க முடியவில்லை.

“தம்பி, நான் எத்தினை அரசாங்க அதிபருக்குக் கடிதம் எழுதினனான் தெரியுமே? அவை சொல்லுறது அரை வசனம். மிச்சம் எங்கடை.”

“இது அப்பிடியில்லை மாமா. சொன்னதைத்தான் எழுதினவை.”

“அப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன். பாப்பம்.”

கஜீவனுக்கு அது வசதியாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு சபையின் தமிழ்க் கூட்டத்தில் அவன் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். சின்ன வயதில் மெல்பேர்ன் வந்தவன். தமிழ் வாசிப்பான், எழுத வராது.

“முதல் கொஞ்சம் கன்ஃபியூஸா இருந்தனான். பிறகு ஓகே ஆயிட்டுது” என்றான்.

மகேந்திரராஜா ஒரு முழுப் பக்கம் எழுதினார்.

“நான் இவ்வளவு சொன்னனானே?”

“ஓம். வசனத்தை மட்டும் முடிச்சுவிட்டனான்.”

தன் எழுத்தைக் கேட்கவென்றே மகள் லக்சிகாவோடு அவரும் கூட்டத்துக்குப் போனார். திசை தெரியாத தோணியாய் அலைந்த தன்னை ஒரு வெளிச்சம் பெயர் சொல்லி அழைத்தது என்று கஜீவன் தடக்கித் தடக்கி வாசிக்க, முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மகேந்திரராஜாவுக்கே கண் கலங்கியது. கச்சேரிக் கடிதம் எதற்கும் யாரும் அழுததில்லை.

கூட்டத்தை நடத்திய ஜெயரட்ணம் வந்து கஜீவனின் தோளில் கைபோட்டார். “நீர் எழுதினதோ?”

சபையில் நின்று பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. “மாமாதான் எழுதினவர்” என்று தோற்ற முகத்தோடு காட்டினான்.

மகேந்திரராஜா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி எழுந்தார். ஜெயரட்ணம் அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“அண்ணை, இப்பிடி ஒரு விசுவாசத்தை நான் கண்டதில்லை. எப்ப ஞானஸ்நானம் எடுக்கிறியள்? வாற சனி வசதியோ?”

வாற சனி ‘த பேசின்’ என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அவருடைய உபயமாக அபிஷேகம்.

“நான் கை மட்டும்தான். எல்லாம் மருமகன்ரை வாயிலை வந்தது. நான் கொப்பி பண்ணினனான்.”

லக்சிகா கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

காரில் வரும்போது அந்த நூலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது கஜீவன், “மாமா, சனிக்கிழமை கோயிலுக்கு நான் கொண்டுபோய் விடட்டே?” என்று கேட்டான்.

“ஓம்” என்றார் மகேந்திரராஜா, வெளியே பார்த்தபடி.